வெயில் ஊரில் ஒரு பெரே தொப்பி: பின்னல் ஊசி பற்றிச் சில குறிப்புகள்

தமிழில் நிட்டிங்குக்கென்று தனிச் சொல் கிடையாது. பின்னல் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சடை போடுவது பின்னல், வயர்க்கூடை போடுவது பின்னல், கட்டிலுக்கு நாடா போடுவதும் பின்னல்தான். திருப்பூர் பனியன்கூட பின்னலாடை. ஆனால் சடையிலும் கூடையிலும் பல இழைகள் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. நெசவிலும் பாவு, ஊடை என்று இரண்டு வேண்டும். நிட்டிங்கில் இருப்பது ஒரே நூல். அது தனக்குள்ளேயே வளைந்து, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையமாக நுழைந்து நுழைந்து துணியாகிறது. அந்த வளையத்தை நான் கண்ணி என்று எழுதுகிறேன். வலைக்கும் சங்கிலிக்கும் சொல்கிறோமே, அதே கண்ணி. ஒன்று நழுவினால் கீழே வரைக்கும் ஓடிவிடும். பழைய பனியனைக் கிழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நாளாக நான் இரண்டு ஊசியையும் ஒரு நூல் கண்டையும் வைத்துக்கொண்டு புடைப்பு வேலை வைத்த பெரே தொப்பி ஒன்று பின்னிக்கொண்டிருந்தேன். சேலத்தில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இந்த வெயில்ல எதுக்குங்க குல்லா?" நியாயமான கேள்வி. அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் வரலாற்றுக் கேள்வியாகிவிடுகிறது. கம்பளிக்குத் தேவையே இல்லாத இந்தச் சேலம், நாமக்கல் சமவெளிக்குப் பின்னல் ஊசி எப்படி வந்தது? வந்தது ஏன் ஒரு தொழிலாக ஆகவில்லை? இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

முதலில் தொப்பி. பெரே என்றதும் பாரிஸ் ஓவியர்தான் ஞாபகத்துக்கு வருவார். அதன் சொந்த ஊர் பிரான்சின் தென்மேற்கு மூலை, பிரனீஸ் மலையடிவாரம், பெயார்ன் பகுதி. ஆடு மேய்ப்பவர்களின் தொப்பி அது. உள்ளூர் ஆட்டுக் கம்பளியைப் பெரிதாக, தொளதொளவென்று பின்னி, பிறகு வெந்நீரில் போட்டு அடித்து அடித்துச் சுருக்குவார்கள். கம்பளி இழையில் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் அடியும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும். கண்ணிகள் மறைந்து, மழை இறங்காத தகடாகிவிடும். அங்கே ஒலோரான் என்ற ஊரில் 1840இல் தொடங்கிய லொலேர் கம்பெனி இன்றும் பெரே செய்கிறது.

சேலத்துக்காரர்கள் பெரேயைப் பார்த்ததே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். என்.சி.சி. பையன்கள் ஞாயிற்றுக்கிழமை பரேடுக்குப் போகும்போது தலையில் இருப்பது பெரேதான். புதிதாக வாங்கியதும் தண்ணீரில் நனைத்து, தலையில் வைத்து, ஒரு பக்கம் இழுத்துவிட்டு, அப்படியே காய வைப்பார்கள், ஷேப் வருவதற்கு. கம்பளி என்பதால்தான் அந்த வித்தை பலிக்கிறது. பிரிட்டிஷ் டாங்கிப் படை 1924இல் கறுப்பு பெரேயை எடுத்துக்கொண்டது. கறுப்பில் எண்ணெய்க் கறை தெரியாது, டாங்கிக்குள் குனிந்தால் விளிம்பு இடிக்காது. அங்கிருந்து மற்ற படைகளுக்குப் பரவி, 1948இல் தொடங்கிய நம் என்.சி.சி.க்கும் வந்து சேர்ந்தது. பிரெஞ்சு பெரேயின் உச்சியில் ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னி முடித்த நூல்களின் முனை நின்ற இடம் அது. கண்ணி கண்ணுக்குத் தெரியாத தொப்பியில் 'நான் பின்னப்பட்டவன்' என்று சொல்லும் ஒரே சாட்சி.

சரி, அங்கே மேய்ப்பவர்கள் இருந்தார்கள், இங்கேயும்தானே இருந்தார்கள்? நம் ஆட்டை முதலில் பார்க்க வேண்டும். சேலம் மாவட்டத்தின் பேர்போன ஆடு மேச்சேரி. அது மயிராடு, உடம்பில் கம்பளியே கிடையாது. கறிக்கும் தோலுக்கும்தான் அதற்கு மதிப்பு. கம்பளி தருவது குறும்பாடு. அந்த மயிரைக் கத்தரித்து, நூற்று, கறுப்புக் கம்பளி நெய்தவர்கள் குறும்பர்கள். 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுப்பிலும் அவர்களின் கம்பளி நெசவு பேசப்படுகிறது. கவனியுங்கள், நெசவு. மயிர் முரடு, நூல் பிசிறடிக்கும். பாவுக்குப் புளியங்கொட்டைப் பசை போட்டு விறைப்பாக்கித்தான் நெய்ய வேண்டும். அப்படி நெய்த கம்பளியை ஒரு மூலையை உள்ளே மடக்கித் தலையில் கவிழ்த்தால் கொங்காடை. மழைக்கும் பனிக்கும் கொங்குப் பக்கத்து மேய்ப்பவனின் தொப்பி அதுதான். இராத்திரி விரித்தால் படுக்கை, விடிந்தால் போர்வை, மழை வந்தால் தலைக்கு. பெயார்ன் மேய்ப்பவனின் பெரே தலைக்கு மட்டும்தான் ஆகும். இங்கே ஒரே துணி மூன்று வேலை செய்துவிட்டது. பிறகு தனியாகத் தொப்பி பின்ன யாருக்குத் தேவை? சாதாரண நாட்களுக்கோ துண்டு இருக்கவே இருக்கிறது. தலையில் சுற்றினால் உருமா, தோளில் போட்டால் மரியாதை, அவிழ்த்தால் முகம் துடைக்க.

ஆக, ஊசி மேய்ச்சல் நிலத்திலிருந்து இங்கே வரவில்லை. வேறு வழியாக வந்தது.

அதற்கு முன் உலகக் கதையில் இரண்டு தகவல்கள். கையில் கிடைத்திருக்கும் மிகப் பழைய நிட்டிங் துண்டுகள் எகிப்திலிருந்து வந்தவை, சுமார் 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை. நீலமும் வெள்ளையுமாகப் பின்னிய காலுறைகள். ஆச்சரியம் என்னவென்றால் அவை பருத்தி நூல். நிட்டிங் என்றாலே கம்பளி, குளிர் தேசம் என்று நாம் நினைத்திருப்பது ஐரோப்பா வழியாக நமக்கு வந்த பழக்கம். அதே காலத்தில் குஜராத் பருத்தித் துணி எகிப்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் ஆயிரம் வருஷம் முன்பு செங்கடல் ஓரத்துக் குசேர் அல் கதீமில் தமிழ்ப் பிராமி கீறிய பானை ஓடுகள் விழுந்திருக்கின்றன. உடனே 'அப்ப நிட்டிங்கும் நம்ம கண்டுபிடிப்புதான்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பானை ஓட்டுக்கும் காலுறைக்கும் நடுவே ஆயிரம் வருஷம் கிடக்கிறது. வெயில் நாட்டுக்காரனும் பருத்தியில் பின்னியிருக்கிறான் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வோம். என் தொப்பிக்கு அது போதும்.

இரண்டாவது தகவல் புடைப்பு வேலை பற்றியது. நிட்டிங்கில் அடிப்படை இரண்டுதான். நிட் போட்டால் முன்பக்கம் வழவழவென்று, குட்டிச் சடை வரிசை போல வரும். அதே கண்ணியை எதிர்ப்பக்கமாக இழுத்தால் பர்ல், முன்பக்கம் ஒரு சின்ன மேடு நிற்கும். மேடும் பள்ளமும் கலந்தால்தான் கட்டம், முறுக்கு, பரல் எல்லாம். எகிப்துத் துண்டுகளில் அழகு முழுக்க நிறத்தில் இருக்கிறது. தேதி உறுதியாகத் தெரிந்த பர்ல் வேலையில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது 1562இல் இறந்த டொலேடோவின் எலியனோரா என்ற பிளாரன்ஸ் சீமாட்டியோடு புதைக்கப்பட்ட பட்டுக் காலுறை. வளையத்தை எதிர்ப்பக்கமாக இழுப்பது என்ற இவ்வளவு சின்ன யோசனைக்குக் காலுறை காலத்திலிருந்து சில நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன. நம் பெண்கள் வயர்க்கூடையில் நெல்லிக்காய், சிவன் கண் என்று மேடு வைத்துப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு இது அடிக்கடி ஞாபகம் வரும்.

எலியனோரா இறந்து ஒன்பது வருஷத்தில், 1571இல், இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட சாமானியர் எல்லாரும் ஞாயிறும் பண்டிகை நாளும் உள்நாட்டில் பின்னிய கம்பளித் தொப்பி போட வேண்டும், இல்லையென்றால் அபராதம். தொப்பி பின்னுகிறவர்களின் பிழைப்பைக் காப்பாற்ற. 1597இல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குள்ளாகவே, 1589இல், வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். பின்னல் அங்கே ஊதியமுள்ள தொழிலாக இருந்தது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அரசாங்கம் சட்டம் போட்டுக் காப்பாற்ற நினைக்கும் அளவுக்குத் தொழில்.

இங்கே வந்தபோது ஊசிக்கு வேறு வேலை கொடுத்தார்கள். மிஷனரி வீட்டு அம்மாக்கள் பெண் பள்ளிகளைத் தொடங்கினார்கள். படிப்போடு தையல், பின்னல், லேஸ். கைக்கு வேலை இருந்தால் மனம் ஒழுங்காக இருக்கும் என்பது அவர்கள் கொண்டுவந்த நம்பிக்கை. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் லேஸ் கற்றுக்கொடுத்தார். அப்போது தென் திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி இருந்தது, ஒழிந்தது 1855இல்தான். லேஸ் போட்டுச் சம்பாதித்த காசில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்களைப் பற்றி மிஷன்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு 'பொழுதுபோக்கு' என்ற சொல்லை லேஸ் பக்கத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. மார்த்தாவின் மகள் எலைசா அதே வேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லின் மனைவி என்றால் தமிழ் வாசகர்களுக்கு அவரைச் சட்டென்று புரியும். கால்டுவெல்லுக்குச் சிலை இருக்கிறது. இடையன்குடி லேஸ் யார் மனசில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள்.

சேலத்துக்கும் லண்டன் மிஷன் வந்தது, 1827இல், ஹென்றி கிறிஸ்ப் என்பவர் மூலமாக. ஆனால் லேஸ் என்றால் நாகர்கோவில், இடையன்குடி, ஆந்திரத்து நர்சாபூர் என்று சொல்கிறோமே தவிர, சேலத்தை யாரும் சொல்வதில்லை. என் கணிப்பு இதுதான்: இந்த ஊரில் பெண்களின் கைக்கு ஏற்கெனவே நூல் வேலை இருந்தது. தேவாங்கர், சௌராஷ்டிரர், கைக்கோளர் வீடுகளில் தறி ஆண் பெயரில் ஓடும், ஆனால் தார் சுற்றுவதும் நூல் இழைப்பதும் பாவுக்கு உதவுவதும் பெண்கள். அந்த வேலை நிற்காமல் இருக்கும்போது புதிதாக ஒரு ஊசியைப் பிழைப்பாக எடுக்க நேரமில்லை, அவசியமும் இல்லை. அதனால் ஊசி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. பெண் பள்ளிகளில் தையல் ஒரு பாடமானது. பிறகு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர், ஹையர் என்று பரீட்சையானது. பாஸ் செய்தால் தையல் டீச்சர் வேலை. சரியாகச் சொன்னால், இந்தச் சமவெளியில் பின்னலால் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அதைச் சொல்லிக்கொடுத்தவர்தான்.

அப்படி ஒருவர் எங்கள் வீட்டிலேயே உண்டு, என் பெரியம்மா. டிரெயினிங் படித்தபோது போட்ட மாதிரி நோட்டு இன்னும் அவரிடம் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு சின்னத் துண்டு பின்னி, நூலால் தாளில் தைத்து, கீழே மசியில் பெயர்: கார்ட்டர், ரிப், மாஸ், பாஸ்கெட், கேபிள். இங்கிலீஷ் பெயரைத் தமிழில் எழுதி, பக்கத்திலேயே அவருடைய மொழிபெயர்ப்பு. கேபிளுக்கு 'சடை'. பாஸ்கெட்டுக்கு 'ஓலைப்பாய்'. நீட்டலும் குறுக்கலுமாகக் கட்டம் மாறுவதால் பாய் மாதிரியே இருக்கும், கூடையைவிட இந்தப் பெயர்தான் பொருத்தம் என்று எனக்கும் படுகிறது. துண்டுகள் முக்கால்வாசி பருத்தி. உல்லன் நூல் விலை, அதனால் பரீட்சைக்கு மட்டும்தானாம். ஊசியும் கடையில் வாங்கியதில்லை. சைக்கிள் ஸ்போக் கம்பியைத் தரையில் தேய்த்து முனை எடுத்துக்கொண்டது.

உல்லன் நூல் இலவசமாகக் கைக்கு வந்த காலம் ஒன்று உண்டு என்றும் அவர் சொல்வார். 1962 அக்டோபர் 20 சீனப் படையெடுப்பு, நவம்பர் 21 போர்நிறுத்தம். இமயத்தில் நம் ஜவான்கள் பருத்திச் சட்டையோடும் கேன்வாஸ் ஷூவோடும் நின்றார்கள் என்ற செய்தி நாடு முழுக்கப் பரவி, நகை கொடுத்தவர்கள் கொடுக்க, ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்கள் ஸ்வெட்டரும் மஃப்ளரும் பின்னினார்கள். பெரியம்மா அப்போது பள்ளி மாணவி. "மத்தியானத்துல கை வேர்த்து நூலு ஊசியிலயே ஒட்டிக்கும் கண்ணு, டீச்சர் சாக்பீஸ் பொடியத் தொட்டுக்கச் சொல்லுவாங்க" என்றார். 38 டிகிரி ஊரில் உட்கார்ந்து மைனஸ் டிகிரிக்குப் பின்னியிருக்கிறார்கள். இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் உலகம் முழுக்கப் பெண்களுக்கு இதே வேலைதான். பள்ளியில் கற்ற ஒழுக்கக் கலை போர் வந்ததும் தேசக் கடமையாகும், போர் முடிந்ததும் மறுபடி பொழுதுபோக்காகிவிடும். கூலி என்ற பேச்சு மட்டும் எந்தக் கட்டத்திலும் வராது.

அந்தப் போர்க்காலப் பின்னல்களில் ஒன்றுதான் நம் ஊரில் நிரந்தரமாகத் தங்கியது. குரங்குக் குல்லா. அதற்கு இங்கிலீஷில் பலக்லாவா என்று பெயர். கிரிமியப் போரில் 1854இல் சண்டை நடந்த ஊர். மார்கழி விடியலில் பால் வாங்கப் போகிற பெரியவர் தலையில் அதைப் பார்க்கலாம். சேலத்தில் மார்கழியில் பதினெட்டு பத்தொன்பது டிகிரிதான், கிரிமியாக்காரன் கேட்டால் சிரிப்பான். ஆனால் நம் கவலை குளிர் இல்லை, பனி. பனி காது வழியாகப் புகுந்து சளி பிடிக்கும் என்பது நம் வைத்தியம். குரங்குக் குல்லா காதை மூடும், பெரே மூடாது. பெரே இங்கே தோற்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன். வெயில் ஊரில் தொப்பியே எடுபடாது என்பவர்களுக்கு எம்.ஜி.ஆர். இருக்கிறார். அந்த வெள்ளை ரோமத் தொப்பியைச் சென்னை வெயிலிலும் கழற்றாதவர். தலைக்கு வைப்பதில் டிகிரிக் கணக்கு கொஞ்சம்தான்.

இப்போது 1925க்கு வருகிறேன். இந்தக் குறிப்பை எழுத வைத்ததே அந்த வருஷம்தான். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கியது 1925. அதே வருஷம் காந்தி அகில இந்திய நூற்போர் சங்கத்தைத் தொடங்கினார். திருப்பூரில் முதல் பின்னல் இயந்திரங்கள் வந்ததாகச் சொல்லப்படுவதும் அதே வருஷத்தை ஒட்டித்தான். கல்கத்தா கிதிர்ப்பூரில் 1893இல் தொடங்கிய பனியன் தொழில் அப்படித் தெற்கே இறங்கியது. ஆசிரமத்துக்கும் திருப்பூருக்கும் நடுவே நூறு கிலோமீட்டர்கூட இல்லை.

ஒரு பக்கம் கையால் நூற்பதற்குக் கணக்கு எழுத ஆரம்பித்தார்கள். எத்தனை சிட்டம், என்ன நம்பர் நூல், யார் நூற்றது, எவ்வளவு கூலி. 1935இல் நூற்கிற பெண்ணுக்கு வாழ்க்கைக்குப் போதுமான கூலி தர வேண்டும் என்று சங்கமே முடிவெடுத்தது. கதர் விலை ஏறும், விற்காது என்று உள்ளேயே எதிர்ப்பு வந்தது, காந்தி பிடிவாதமாக நின்றார். கூலி போதுமானதாக இருந்ததா என்பது வேறு விவாதம். ஆனால் ராட்டையில் உட்கார்ந்த பெண்ணின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை உண்டு என்று ஒரு நோட்டில் எழுதினார்கள். இன்னொரு பக்கம் திருப்பூர் இயந்திரத்தில் பின்னல் கிலோக் கணக்கானது, பீஸ் ரேட்டானது. நடுவில் விழுந்தது கைப்பின்னல். ராட்டையைப் போல அதற்கு இயக்கம் கிடைக்கவில்லை, இயந்திரத்தைப் போல முதலாளியும் கிடைக்கவில்லை. மிஷன் பள்ளி ஒட்டிவிட்ட 'நல்ல பெண்ணின் பழக்கம்' என்ற சீட்டோடு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது.

வீட்டுக்குள் இருப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நர்சாபூரைப் பாருங்கள். அங்கே குரோஷா லேஸ் வெளிநாட்டுக்கே போனது, வியாபாரிகள் பெரிய ஆளானார்கள். மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்து 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் காட்டியது எளிமையான விஷயம். வீட்டு வேலை போக நாளெல்லாம் லேஸ் போட்ட அந்தப் பெண்களை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை, அவர்களே சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வது என்றார்கள். சும்மா இருக்கும் நேரத்துக்குக் கூலி எவ்வளவு கொடுத்தாலும் அது லாபம்தானே. அந்த ஒரு வார்த்தை ஒரு ஏற்றுமதித் தொழிலையே தாங்கியிருக்கிறது. நாகர்கோவிலில் அதே மாதிரி வேலைக்குக் கூலி என்று எண்ணிக் கொடுத்தபோது அது ஒரு பெண்ணின் விடுதலைக்குப் போதுமான காசாயிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு இந்தப் பின்னல் கதை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

இனி என் தொப்பி. சும்மா படித்துக்கொண்டே இருந்தால் விளங்காது என்றுதான் பின்னிப் பார்த்தேன். உல்லன் வேண்டாம், உள்ளூர் பருத்தி நூலையே பல இழை சேர்த்து முறுக்கிக்கொண்டேன். பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, 28 வரிசை வருகிற தடிமன். என் தலை 56 சென்டிமீட்டர். பருத்தி இழுபட்டால் கம்பளி மாதிரித் திரும்பி வராது, அதனால் பட்டியை எட்டு சென்டிமீட்டர் குறைத்து 48 வைத்தேன், 96 கண்ணி, ஒரு நம்பர் சின்ன ஊசியில். பன்னிரண்டு வரிசை ரிப். பட்டி முடிந்ததும் நாலு கண்ணி ஏழாகப் பெருக்க வேண்டும், 96 சட்டென்று 168 ஆகும். இந்த ஒரு வரிசையில்தான் குல்லா பெரேயாக மாறுகிறது. பட்டி தலையைப் பிடிக்க, மேலே துணி தட்டு மாதிரி விரிகிறது. 168ஐ எட்டால் வகுத்தால் 21. ஓலைப்பாய்க் கட்டத்துக்கு நிட் நாலு, பர்ல் நாலு என்று எட்டு வேண்டும், மீதியில்லாமல் வருகிறது. நாலு வரிசைக்கு ஒரு தரம் மாற்றிப் போட்டு 24 வரிசை. பிறகு வட்டத்தை எட்டுப் பங்காக்கி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எட்டு எட்டாகக் குறைத்து, நாற்பது வரிசையில் எட்டுக் கண்ணிக்கு வந்து, நூலை உள்ளே இழுத்துக் கட்டினால் முடிந்தது. நனைத்து, 27 சென்டிமீட்டர் எவர்சில்வர் தட்டை உள்ளே செருகிக் காய வைத்தேன். சேலம் வெயிலில் அன்று சாயங்காலமே காய்ந்துவிட்டது.

பருத்தியில் மேடு பள்ளம் கம்பளியைவிடத் துல்லியமாகத் தெரிகிறது. பஞ்சு பஞ்சாகப் பூத்துக் கண்ணியை மறைப்பதில்லை, கட்டம் கட்டமாகச் செதுக்கியது போல நிற்கிறது. பட்டி மட்டும் நாள் போகப் போகத் தளர்கிறது, உள்ளே மெல்லிய எலாஸ்டிக் கோத்துவிட்டால் சரி. மேலே முனை நூலை வெட்டாமல் சின்ன வாலாக விட்டிருக்கிறேன்.

மொத்தம் சுமார் 8,700 கண்ணி. மேடு வைத்துப் பின்னும்போது என் வேகம் நிமிஷத்துக்கு 12. பன்னிரண்டு மணி நேரம் சொச்சம். தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேல சுத்தமா இருக்குங்க, இருநூறு ரூபா தரலாம்" என்றார். நூலுக்கு 60 ரூபாய் கழித்தால் மணிக்கு 12 ரூபாய்கூட இல்லை. பெரியம்மாவிடம் சொன்னதற்கு, "எங்களுக்கு அதுவும் யாரும் சொல்லலியே" என்று சிரித்துவிட்டு, பட்டி தளர்வதைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசினார்.

அடுத்து மாதிரி நோட்டுகளைச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது தையல் பரீட்சைக்குப் போட்ட நோட்டு கிடந்தால், எறிவதற்கு முன் பக்கம் பக்கமாக ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கீழே எழுதியிருக்கும் தமிழ்ப் பெயர்களும் படத்தில் விழ வேண்டும்.